நீர்யானையின் பின்பக்கம்

ஏகாம்பரம் நாற்காலி மேல் ஏறி, சுவரில் மாட்டியிருந்த சின்னச் சட்டத்தைக் கழற்றினார். முருகன் படத்துக்கும் மளிகைக் கடை காலண்டருக்கும் நடுவில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தோள் துண்டால் துடைத்து மேஜை மேல் வைத்தார். கண்ணாடிக்குள் ஒரு தபால்தலை. தபால்தலையில் ஒரு நீர்யானையின் பின்பக்கம். நீலக் கோடு போட்ட பட்டாபட்டி டிராயர், அதிலிருந்து வெளியே நீட்டிய குட்டி வால். வேறு ஒன்றும் இல்லை.

அவர் மனைவி விஜயா கேசரித் தட்டோடு வந்து நின்றார்.

"நல்லா பாத்துக்கோங்கோமா. அப்பால குறை சொல்லக் கூடாது."

நான் கைப்பையிலிருந்து ட்வீசரை எடுத்தேன். என் கணவர் சேகர், இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு கேசரியை எடுத்தார்.

தூரத்தில் எங்கோ டாங்கி ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் அது காக்கைச் சத்தம் மாதிரி, யாரும் கவனிப்பதில்லை. மேஜை லேசாக அதிர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. பின்பக்கமும் அதிர்ந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் தகராறைப் பாதியில் விட்டிருந்தேன். லிஃப்டும் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அது நகரும்வரை இந்த நீர்யானைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

குண்டப்பன்

இந்த நீர்யானைக்கு நம் ஊரில் வேறு பெயர். அது வெளிநாட்டுக் கார்ட்டூன். எங்கள் சின்ன வயதில் ஒரு வார இதழ் அதைத் தமிழாக்கி, குண்டப்பன் என்று பெயர் வைத்து, ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டது. குண்டப்பன் ஒவ்வொரு வாரமும் எதையாவது தாண்டுவான். வேலி, வாய்க்கால், வரிசையில் நிற்கும் ஜனங்கள். ஒவ்வொரு வாரமும் டிராயர் எதிலாவது மாட்டிக்கொள்ளும். கதை அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பத்திரிகை வேலைக்குப் போய், அடுத்தவர் செய்திக்குத் தலைப்பு வைத்தே காலம் ஓடிய பிறகு, ஒரு கண்காட்சியில் குண்டப்பனைத் தபால்தலையில் பார்த்தேன். நீர்யானையே இல்லாத ஏதோ ஒரு தீவு நாடு வெளியிட்டிருந்தது. அந்த நாட்டில் கடிதம் எழுதுகிறவர்களைவிட குண்டப்பன் தபால்தலைகள் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுதுகிறவர்களுக்காக அச்சடித்தது இல்லை அது. என்னைப் போன்றவர்களுக்காக அச்சடித்தது.

தபால்தலை சேகரிப்பவர்களுக்குள் ஒரு படிநிலை இருக்கிறது. பழைய ராஜா தலை வைத்திருப்பவர் ரயில் வைத்திருப்பவரைப் பார்த்துத் தலையசைப்பார். ரயில்காரர் பறவைக்காரரைப் பார்த்துப் புன்னகைப்பார். பறவைக்காரர் பூக்காரரோடு டீ குடிப்பார். எல்லோரும் ஒன்று சேர்ந்து கார்ட்டூன்காரரைப் பார்த்து, "பசங்களுக்கா?" என்று கேட்பார்கள்.

என்னிடம் எப்போதும் அதைத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் என்று சொல்வேன். பேச்சு அங்கே நின்றுவிடும்.

ராசிபலன் ஒட்டிய கதை

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். உறையில் ஒட்டிய தபால்தலையை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்றதும் எடுத்து, தாளில் குப்புறப் போட்டுக் காயவைக்க வேண்டும். எந்தத் தாள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டில் இருந்தது எங்கள் பத்திரிகைதான். ஈரத்தில் அச்சு மை ஏறி, ஒரு குண்டப்பனின் நெற்றியில் ரிஷப ராசிக்கான பலன் இடவலம் மாறிப் பதிந்துவிட்டது. கண்ணாடியில் காட்டிப் படித்தேன். அலைச்சல் அதிகரிக்கும் என்று இருந்தது.

அவன் எப்போதும் எதையாவது தாண்டிக்கொண்டிருப்பவன். பலன் தப்பு என்று சொல்ல முடியாது.

எட்டு இருந்தது

குண்டப்பன் தொகுதிகளில் எனக்குப் பிடித்தது ஒரு தாள். ஒன்பது தபால்தலைகள் மூன்று வரிசையாக ஒட்டியிருக்கும். எல்லாம் சேர்ந்தால் ஒரே பெரிய படம். ஒரு வாய்க்காலை இடமிருந்து வலமாகத் தாண்டும் குண்டப்பன். யாரோ புண்ணியவான் தாளைக் கிழித்துத் தனித்தனியாக விற்றிருந்தான். நான் பல ஊர்க்காரர்களிடம் மாற்றியும் கெஞ்சியும் எட்டைச் சேர்த்துவிட்டேன். தலை இருந்தது, தொப்பை இருந்தது, நான்கு கால்களும் வாய்க்காலும் மேகமும் இருந்தன. நடு வரிசையில் இடது ஓரம் மட்டும் காலி.

ஆல்பத்தைத் திறந்தால், பாதியில் வெட்டின வாழைப்பழம் மாதிரி காற்றில் தொங்குவான் குண்டப்பன். சேகர் அதைப் பார்க்கும்போதெல்லாம், "பாவம், உக்கார முடியாது" என்பார்.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில் மாதம் ஒருமுறை தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தார் நாங்கள் கூடுவோம். முகூர்த்த நாள் என்றால் கீழே நாதஸ்வரம், மேலே நாங்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து நின்று தனக்கு எது குறைகிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ரயில்காரர் எஞ்சின் பெயர் சொல்வார். நான் என் முறை வந்ததும், "குண்டப்பன் வாய்க்கால் தாண்டுகிற தொகுதி. நடு வரிசை, இடது ஓரம். பின்பக்கம்" என்றேன்.

பூக்காரர் இருமினார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது எங்கைல கீது மேடம்."

எழுந்து நின்றவர்தான் ஏகாம்பரம். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த மாதம்தான் சங்கத்தில் சேர்ந்திருந்தார். வேறு தபால்தலை எதுவும் அவரிடம் இல்லை. அந்த ஒன்றுதான்.

பெயர் வந்த வழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடற்கரைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் கலந்து விற்ற பொட்டலத்தில் அது அவருக்குக் கிடைத்திருக்கிறது. மற்றதெல்லாம் யார் யாருக்கோ போய்விட்டது. இதை மட்டும் அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டு, கேன்டீனில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

அந்தப் பிரிவில் மூன்று ஏகாம்பரங்கள். உயரமானவர் நெட்டை ஏகாம்பரம். கேரம் ஆடுகிறவர் கேரம் ஏகாம்பரம். மூன்றாமவருக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களிடம், இவரே போய் ஒரு நீர்யானையின் பின்பக்கத்தைக் காட்டினார்.

அன்றிலிருந்து அவர் பேக்சைடு ஏகாம்பரம்.

சர்வீஸ் முழுக்க அதுதான். கல்யாணத்துக்கு வந்த வாழ்த்து மடலில் அது. சம்பந்தி வீட்டார் விசாரித்தபோது வாசல் காவலாளி சொன்ன பெயர் அது. கடைசியாக, அந்த மாதம் ஓய்வு பெறுகிறவர்கள் பெயரை யாரோ சாக்பீஸால் கேன்டீன் பலகையில் எழுதியபோதும், எந்த ஏகாம்பரம் என்று குழப்பம் வரக் கூடாது என்பதற்காக அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டிருந்தார்கள்.

தொழிற்சாலையில் ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு, திறந்த வண்டியில் ஏற்றி, பேண்டு வாத்தியத்தோடு வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். பிரிவே கூட வரும். இனிப்பும் மிக்சரும் காபியும் உண்டு. அந்த நாளில், தன் வீட்டுச் சுவரில் முழு நீர்யானை இருக்க வேண்டும் என்பதுதான் ஏகாம்பரத்தின் ஆசை. அதற்காகத்தான் சங்கத்தைத் தேடி வந்திருந்தார்.

"பின்னாடி மட்டும் வச்சிகினு கீறான்னு இத்தினி நாளா சிரிச்சானுங்க. முன்னாடியும் கீதுன்னு ஒருவாட்டி காட்டிட்டா போதும் மேடம். அப்பால வெளிய போயிடுவேன்."

எனக்கு அந்தப் பின்பக்கம் வேண்டும். அவருக்கு என் எட்டும் வேண்டும். யார் வீட்டில் முழுசாவது?

சம்பந்தம் பேசினது

ஏகாம்பரமும் விஜயாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே வந்ததாகச் சொன்னார்கள். கையில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், பூ. நெற்றியில் குங்குமம்.

நான் ஆல்பத்தைத் திறந்தேன். ஏகாம்பரம் குண்டப்பனின் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். அவர் அந்த வார இதழ் படித்தவரில்லை; குண்டப்பன் என்ற பெயரே கேன்டீனில் யாரோ சொன்னதுதான். பெரிய மூக்குத் துளைகள், ஒற்றைப் பல், மேலே பார்க்கும் கண்கள். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மூஞ்சி நல்லாத்தான் கீது" என்றார். பையனைப் பிடித்துப்போன தகப்பன் சொல்வது மாதிரி இருந்தது.

விஜயா அதைப் பிடித்துக்கொண்டார். எட்டு இருக்கிற பக்கம் மாப்பிள்ளை வீடு, ஒன்று இருக்கிற பக்கம் பெண் வீடு. இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சேகர் மட்டும் அது ஆண் நீர்யானை, எட்டும் ஒன்றும் ஒரே ஆள் என்றார். அவரைக் காபி போட அனுப்பினேன்.

வீட்டோடு மாப்பிள்ளை கிடையாது என்று நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். பெண்ணை ஒரேயடியாக அனுப்ப ஏகாம்பரத்துக்கு மனம் வரவில்லை. விஜயாதான் முடித்துவைத்தார்.

"கல்யாணம் பொண்ணு ஊட்லதான். அன்னிக்கு எட்டும் எங்க ஊட்டுக்கு வரட்டும். மறுநாள் ஒம்போதும் உங்க ஊட்டுக்கு வந்துடும். ஆடி மாசம் மட்டும் எங்க ஆளை நாங்க அழைச்சுகினு போவோம். முறைன்னு ஒண்ணு கீது இல்ல?"

தபால்தலைச் சங்க விதிகளில் இப்படி ஒரு பிரிவு இல்லை. ஆனால் மறுத்துப் பேசவும் எனக்கு வழியில்லை. தட்டு மாற்றிக்கொண்டோம். எங்கள் பக்கம் கொடுக்க வீட்டில் ரஸ்க் பாக்கெட்தான் இருந்தது.

பொருத்தம் பார்த்தது

இப்போது மேஜைக்குத் திரும்பலாம். ஓய்வு நாளுக்கு முந்தின ஞாயிறு. கேசரி. ட்வீசர். அதிரும் கண்ணாடி.

அந்தத் தபால்தலையை நான் அதுவரை பார்த்ததில்லை. போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, ஃப்ளாஷ் பட்டால் மை வெளுக்கும் என்று மறுத்துவிட்டார். வெல்டிங் வெளிச்சம் பார்த்துப் பழகியவர். எந்த வெளிச்சத்தையும் நம்புவதில்லை.

ஒரு கறுப்பு அட்டையில் எட்டையும் வரிசையாக வைத்தேன். காலி இடத்தில் ஏகாம்பரத்தின் ஒன்றை வைத்தேன்.

பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று சொல்வது குறைவு. என் குண்டப்பன் வலது பக்கம் போகிறான்; வால் இடது ஓரத்தில் வர வேண்டும். ஏகாம்பரத்தின் வால் வலது ஓரத்தில் இருந்தது. அப்படியே வைத்தால், வால் நேராகத் தொப்பைக்குள் போனது.

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். என் எட்டிலும் அடியில் பொடி எழுத்தில், வேலைக்குப் போகிறான் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவருடையதில், வீடு திரும்புகிறான் என்று இருந்தது. இரண்டு தாள்கள். போகும்போது ஒரு தாண்டல், வரும்போது ஒரு தாண்டல். வாழ்நாள் முழுக்கத் தலைப்பு எழுதிச் சம்பளம் வாங்கிய நான், மண்டபத்து மாடியில் இடத்தைச் சொன்னேனே தவிர, தொகுதியின் தலைப்பைச் சொல்லவில்லை. அவர் எழுத்தைப் படித்ததே இல்லை. படம் இருக்கும்போது அதை யார் படிப்பார்கள் என்றார்.

விஜயா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"நின்னு போச்சா?"

எனக்கு அந்தப் பின்பக்கம் இனி உதவாது. எட்டை எடுத்து ஆல்பத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்தால் வேலை முடிந்தது. ஏகாம்பரம் அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு என் கையிலிருந்து ட்வீசரை வாங்கி, தன் தபால்தலையைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, காலி இடத்தில் இறக்கினார்.

உட்கார்ந்துவிட்டது. வால் இடது பக்கம் வந்தது. டிராயரின் இடுப்புப் பட்டி தொப்பையோடு கிட்டத்தட்டச் சேர்ந்தது. தீவின் பெயரும் விலையும் மட்டும் தலைகீழாக நின்றன.

"ஃபிட் ஆவுது மேடம்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு நாள். ஒரே ஒரு நாள் இப்டியே இருக்கட்டும்."

தலைகீழ் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கும். அது தொழில் வியாதி. ஒருமுறை எங்கள் பத்திரிகையில் ஒரு மேம்பாலத்தின் படம் தலைகீழாக வந்துவிட்டது. வாசகர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. குண்டப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

எழுத்து தெரியாமலிருக்கச் சட்டத்தின் மேல் ஒரு சாமந்தி மாலை போடலாம் என்று விஜயா யோசனை சொன்னார். மாலை போட்டால் குண்டப்பன் செத்துப்போனதாக நினைத்துத் துக்கம் விசாரிப்பார்கள் என்றார் சேகர். அன்று அவர் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

மாலையும் மிக்சரும்

ஓய்வு நாள் மாலை நாங்கள் முன்னதாகவே போய்விட்டோம். நான் போனது ஒரு வேலையாக. சட்டத்துக்கு இடது பக்கம், தீவின் பெயர் மறைகிற மாதிரி தோளைச் சாய்த்து நிற்பது என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன்.

தெரு முனையில் பேண்டு கேட்டது. வண்டி மேல் ஏகாம்பரம், காது மட்டும் தெரிகிற அளவுக்கு மாலை. பட்டாசு. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. விஜயா ஆரத்தி எடுத்தார். பிரிவே வீட்டுக்குள் நுழைந்து, ஒரு கையில் லட்டும் ஒரு கையில் மிக்சருமாகச் சுவர் முன்னால் வரிசையில் வந்தது.

பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். மூக்கைக் காட்டிச் சிரித்தார்கள். கேரம் ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு, இதற்கு முன்பக்கம் ஒன்று இருக்கும் என்று தான் நம்பவே இல்லை என்று சொல்லி, நண்பரைக் கட்டிக்கொண்டார். மாலைகளுக்குள்ளிருந்து ஏகாம்பரம் எல்லோரையும் ஒரு மாதிரி பெருமையாகப் பார்த்தார். எனக்குத் தோள் மரத்துப்போனது. நகரவில்லை.

கடைசியாக வந்தவர் நெட்டை ஏகாம்பரம். இப்போது தரப் பரிசோதனைக்கு மாறியிருப்பவர். என் தோளுக்கு மேலே அவருக்கு எல்லாமே தெரிந்தது. லட்டை வாயில் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் தலையைச் சாய்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார்.

"இன்னாடா ஏகா, பின்னாடி பீஸை ரிவர்ஸ்ல மாட்டிகீற?"

பேண்டுக்காரர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஏகாம்பரத்தின் முகம் மாலைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் தரையைப் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ, யார் என்று தெரியவில்லை, மெதுவாகச் சொன்னார்.

"ரிவர்ஸ் ஏகாம்பரம்."

சிரிப்பு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. நான் அவரைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தபோது, அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலி மேல் போட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பேக்சைடுக்கு ரிவர்ஸ் தேவலாம்டா" என்றார். "கடைசி நாள்ல புரமோஷன் வந்துகீது."

ஆடி

அடுத்த வாரம் ஏகாம்பரம் அட்டையை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். டிபன் கேரியரின் மேல் அடுக்கில் பத்திரமாக வைத்திருந்தார். கீழ் அடுக்குகளில் புளியோதரை. அவர் தாளில் மற்ற எட்டும் எனக்குக் கிடைத்தால் சொல்வதாகச் சொன்னேன். என் தாளில் அந்த ஒன்றைத் தானும் தேடுவதாகச் சொன்னார். அவர் போன பிறகுதான் அட்டையைப் பிரித்தேன்.

தன் தபால்தலையை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் இடம் காலியாக இல்லை. ஓய்வூதிய வேலைகளுக்காக ஸ்டுடியோவில் ஸ்டாம்ப் சைஸ் போட்டோ எடுத்திருப்பார். அதில் ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கேமராவை முறைக்கும் ஏகாம்பரம், குண்டப்பனின் தொப்பைக்குப் பின்னால் கச்சிதமாக உட்கார்ந்திருந்தார். சிறிது நேரத்தில் போனில் செய்தி வந்தது: ஃபிட் பாத்துட்டேன் மேடம். நேரா கீது.

அளந்து பார்த்தேன். தபால்தலைக்கு இருப்பது போல ஓரத்தில் பல்வெட்டு இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் ரயில்காரர் ஆல்பத்தைப் புரட்டி, இது எந்த நாடு என்று கேட்டார். ஆவடி என்றேன்.

ஆடி பிறந்த அன்று காலை அழைப்பு மணி அடித்தது. விஜயா வாசலில் நின்றார். தட்டில் பூ, பழம், வெற்றிலை. பின்னால் ஏகாம்பரம், புது வேட்டியில், ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு.

"எங்க ஊட்டு ஆளை அழைச்சுகினு போலாம்னு வந்தோம்" என்றார் விஜயா.

நான் ட்வீசரை எடுக்க உள்ளே போனேன்.